பாட்டிலைக் கவிழ்த்தால் ஏன் குபுக் குபுக் என்று விட்டுவிட்டு வருகிறது?

கேள்வி இதுதான்: தண்ணீர் நிறைந்த பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குபுக் குபுக் என்று விட்டுவிட்டுக் கொட்டுகிறது, லேசாகச் சாய்த்தால் சத்தமே இல்லாமல் ஒரே சீராக வருகிறது, இது ஏன்? சீக்கிரம் காலி செய்ய எந்த வழி நல்லது? ஊற்றும்போது பாட்டிலின் வெளிப்பக்கமாக வழிந்து கையெல்லாம் நனைவதும் இதனால்தானா?

கடைசிக் கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்பதுதான், அது முற்றிலும் வேறு சமாச்சாரம், முடிவில் வருகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. பாட்டிலிலிருந்து தண்ணீர் வெளியே வருவதில் எந்தச் சிக்கலும் இல்லை, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போவதில்தான் சிக்கல். ஒரே கதவு உள்ள பேருந்தில் இறங்குபவர்களும் ஏறுபவர்களும் முட்டிக்கொள்வது போல, ஒரே வாய் வழியாகத் தண்ணீரும் காற்றும் எதிரெதிர்த் திசையில் போயாக வேண்டும்.

முதலில் காற்றுக்கு எவ்வளவு பலம் என்று பார்த்துவிடலாம். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,000 பாஸ்கல். இது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். நம் பாட்டிலில் இருப்பதோ 20 சென்டிமீட்டர் தண்ணீர், அதன் அழுத்தம் 2,000 பாஸ்கல்தான், அதாவது வளிமண்டலத்தின் வெறும் 2 சதவீதம். எனவே கவிழ்த்த பாட்டிலுக்குள் மேலே சிக்கியிருக்கும் காற்றின் அழுத்தம் 2 சதவீதம் குறைந்தால் போதும், கீழேயிருந்து வெளிக்காற்று தண்ணீரை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் 2 சதவீதம் குறைய, அந்தக் காற்று 2 சதவீதம் விரிந்தால் போதும். உள்ளே 50 மில்லி காற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 51 மில்லி ஆக வேண்டும், அவ்வளவே. ஒரே ஒரு மில்லி தண்ணீர் வெளியேறியதும் கணக்குச் சரியாகிவிடும், மீதித் தண்ணீர் விழ எந்தக் காரணமும் இல்லை.

டம்ளரில் தண்ணீர் நிரப்பி, மேலே அட்டையை வைத்துக் கவிழ்த்துக் கையை எடுத்தாலும் விழாமல் நிற்குமே, பள்ளியில் செய்து காட்டுவார்களே, அது இதேதான். டம்ளர் முழுக்க நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்வார்கள். கட்டாயமில்லை, பாதி இருந்தாலும் நிற்கும். கொஞ்சம் கூடுதலாகக் கசிய வேண்டியிருக்கும், அதற்குள் அட்டை வளைந்து விட்டுவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அட்டை இல்லாத பாட்டிலில் மட்டும் தண்ணீர் ஏன் நிற்பதில்லை? அழுத்தக் கணக்கில் குறை ஏதும் இல்லை. பிரச்சினை வாய்ப்பகுதியில் இருக்கும் தண்ணீர்ப் பரப்பில். கனமான திரவம் மேலே, லேசான காற்று கீழே என்ற அமைப்பு நிலையற்றது. பரப்பில் எங்கேயாவது ஒரு சின்ன மேடு பள்ளம் உண்டானால், பள்ளம் விழுந்த இடத்தில் காற்று மேலேறும், மேடு இருக்கும் இடத்தில் தண்ணீர் கீழே இறங்கும், நொடிக்கு நொடி அது பெரிதாகிக்கொண்டே போகும். 1883இல் ரேலியும் 1950இல் டெய்லரும் இதை ஆராய்ந்ததால் ரேலி-டெய்லர் நிலையின்மை என்று பெயர். அட்டை செய்வது இந்தப் பரப்பைத் தட்டையாக வைத்துக்கொள்வது மட்டுமே, தண்ணீரின் எடையைச் சுமப்பது அட்டை அல்ல.

இதற்கு எதிராக வேலை செய்வது பரப்பு இழுவிசை. அது மேடு பள்ளங்களை இழுத்துச் சமப்படுத்தப் பார்க்கும். ஆனால் அதன் வலிமை சின்ன அளவுகளில்தான் செல்லும். தண்ணீருக்கு இந்தப் போட்டியின் எல்லை ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விட்டம்: வாய் அதைவிடச் சிறிதாக இருந்தால், ஆடாமல் அசையாமல் நேராகப் பிடித்தால், தண்ணீர் அட்டை இல்லாமலேயே நிற்க முடியும். நடைமுறையில் கை நடுங்கும், பாட்டில் சாயும், எனவே இதைவிடச் சிறிய வாயாக இருந்தால்தான் நம்பலாம். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் விழாததும், ஊசி மருந்து வரும் கண்ணாடி ஆம்பியூலை உடைத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் மருந்து கொட்டாததும் இந்தக் கணக்கில்தான். ஆம்பியூலைத் தலைகீழாகப் பிடித்துச் சிரிஞ்சில் உறிஞ்சுவதை முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள், ஆனால் அதில் மாயம் ஒன்றும் இல்லை, கழுத்து ஒடுக்கம், காற்று உள்ளே போக வழியில்லை. பெரிய வாயுள்ள பாத்திரத்தின் மேல் மெல்லிய வலைத்துணியை இறுக்கிக் கட்டி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தாலும் நிற்கும். துணியில் ஆயிரம் ஓட்டை இருந்தாலும் ஒவ்வொன்றும் எல்லைக்கு வெகு கீழே.

இப்போது சுவாரசியமான விஷயம். 28 மில்லிமீட்டர் கழுத்து என்று சொல்லப்படும் பரவலான பிளாஸ்டிக் பாட்டில் வகையில் உள்விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். எல்லையைத் தாண்டிவிட்டது, ஆனால் கொஞ்சமாகத்தான். தண்ணீர் நிற்கவும் முடியாது, தாராளமாக விழவும் முடியாது. குபுக் குபுக் பிறப்பது இந்த இடைவெளியில்.

கவிழ்த்ததும் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும். கொஞ்சம் தண்ணீர் விழுகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் வேகம் குறைந்து திணறி நிற்கிறது. அந்த நேரம் பார்த்து வெளிக்காற்று ஒரு பெரிய குமிழியாகக் கழுத்துக்குள் நுழைந்து, கழுத்தைவிட்டுப் பிரிந்து மேலேறி, உள்காற்றோடு கலக்கிறது. அழுத்தம் திரும்பச் சமமாகிறது, தண்ணீர் மறுபடி விழத் தொடங்குகிறது. பிளாஸ்டிக் பாட்டிலின் உடலைக் கையால் லேசாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கவிழ்த்துப் பாருங்கள், ஒவ்வொரு குபுக்குக்கும் சுவர் ஒரு முறை உள்ளே ஒட்டி மீண்டும் வெளியே வருவது விரலில் தெரியும். அழுத்தம் இறங்கி ஏறுவதைத் தொட்டுப் பார்ப்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை.

இந்தத் தாளத்தின் வேகத்தை நிர்ணயிப்பது யார்? உள்ளே சிக்கிய காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது, கழுத்தில் இருக்கும் தண்ணீர் அதில் தொங்கும் எடை. ஆரம்பத்தில் காற்று கொஞ்சம்தான், கொஞ்சக் காற்று என்றால் விறைப்பான ஸ்பிரிங், எனவே குபுக்குகள் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். பாட்டில் காலியாகக் காலியாகக் காற்று அதிகமாகி ஸ்பிரிங் தளர்கிறது, குபுக்குகள் நிதானமாகவும் பெரிதாகவும் ஆகின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, எவ்வளவு வேகமாகக் காலியாகும்? இதற்கு ஒரு கச்சிதமான கணக்கு இருக்கிறது. ஒரு குழாயை முழுக்க அடைத்துக்கொண்டு மேலேறும் பெரிய காற்றுக் குமிழியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதில் சுமார் 0.35 பங்கு. 1950இல் டேவிஸும் டெய்லரும் கண்ட முடிவு இது. 22 மில்லிமீட்டர் கழுத்துக்குப் போட்டால் நொடிக்கு 16 சென்டிமீட்டர் வருகிறது. குமிழி உள்ளே எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவு தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும் என்பதால், கழுத்தின் பரப்பான 3.8 சதுர சென்டிமீட்டரால் பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 60 மில்லி. ஒரு லிட்டர் பாட்டில் காலியாக 16, 17 நொடி. கவிழ்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் இதிலிருந்து ரொம்ப விலகாது.

இந்தக் கணக்கில் தண்ணீரின் உயரம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டில் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் நொடிக்கு வெளியேறும் சராசரி அளவு ஏறக்குறைய ஒன்றே. காரணம், வேகத்தைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் தண்ணீரின் எடை அல்ல, கழுத்தில் ஏறும் குமிழி. இன்னொன்று, கழுத்தின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் பலன் அபாரம். பரப்பும் கூடுகிறது, குமிழியின் வேகமும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து விட்டத்தின் 2.5 அடுக்காக வருகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல். கிறிஸ்டோஃப் கிளானே, ஜெஃப்ரி சியர்பி என்ற இருவர் 2004இல் இந்தக் குபுக் குபுக்கைப் பற்றியே ஒரு முழு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள், அவர்கள் பரிசோதித்துக் கண்டதும் இந்த 2.5 அடுக்குத்தான்.

இப்போது அதே பாட்டிலின் அடிப்பாகத்தில், அதாவது கவிழ்த்தால் மேலே வரும் பக்கத்தில், ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். காற்று அந்த வழியாக வந்துவிடும், வாய் முழுக்கத் தண்ணீருக்கே. டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதிப்படி, 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாயும். ஒரு லிட்டர் மூன்று நொடியில் காலி. பதினாறு நொடிக்கும் மூன்று நொடிக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் காற்று காத்திருந்த நேரம். டின்னில் ஒரு ஓட்டை போதாது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லோரும் கற்றுக்கொள்வது இதைத்தான்.

காற்றுக்கான அந்த ஓட்டை பெரிதாக இருக்கத் தேவையில்லை. காற்றின் அடர்த்தி தண்ணீரைவிட 800 மடங்குக்கும் மேல் குறைவு, எனவே அதே அழுத்த வித்தியாசத்தில் காற்று தண்ணீரைவிடச் சுமார் 29 மடங்கு வேகமாகப் பாயும். வாயின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு ஓட்டையே பெரிய உதவி. பாட்டிலில் ஓட்டை போட மனமில்லை என்றால் வளையும் ஸ்ட்ரா ஒன்றை வாய் வழியாக உள்ளே விட்டு, அதன் உள்முனை பாட்டிலின் அடிப்பாகத்தில் இருக்கும் காற்றைத் தொடும்படி வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள், குபுக் சத்தம் நின்று தண்ணீர் ஒரே தாரையாக விழும். மதுக்கூடங்களில் பாட்டில் வாயில் செருகும் உலோக மூக்கைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் ஒரு குட்டிக் குழாய் இருக்கும், அது காற்றுக்கானது. குழந்தைகளின் பால் பாட்டில் சிலவற்றில் காற்றுத் துளை வைப்பதும் இதற்கே. புனலில் ஊற்றும்போது நடுவில் நின்றுவிடுகிறதா, அங்கே காற்று வெளியே வர வழியில்லை, புனலை ஒரு நூல் அளவு தூக்கிப் பிடித்தால் சரியாகிவிடும்.

ஓட்டையும் இல்லை, ஸ்ட்ராவும் இல்லை என்றால் சுழற்றுங்கள். கவிழ்த்த கையோடு பாட்டிலை வட்டமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி விட்டால் உள்ளே நீர்ச்சுழல் உண்டாகும். தண்ணீர் சுவரோடு ஒதுங்கி ஓட, நடுவில் காற்றுக்கு ஒரு நேர்ப்பாதை திறந்துவிடும். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள உடலிலிருந்து 2.2 சென்டிமீட்டர் கழுத்துக்கு இறங்கும்போது கோண உந்தம் (சுழலும் பொருளின் உந்தம்) மாறக் கூடாது என்பதால் சுழற்சி 13 மடங்கு வரை ஏறும், உடலில் நொடிக்கு ஒரு சுற்று என்பது கழுத்தில் பத்துக்கும் மேல், அதனால்தான் மெதுவாகச் சுற்றிவிட்டாலே போதும், கழுத்தில் ஓட்டை தானாகத் திறக்கிறது. அளவுக்கு மீறிச் சுற்றினால் கழுத்துச் சுவரோடு ஓடும் தண்ணீர் வளையம் மெலிந்து ஓட்டம் குறையும், எனவே ஒரு வெறியோடு ஆட்ட வேண்டாம்.

சுழல் என்றதும் பூமி சுற்றுவதால்தான் வடக்கில் ஒரு திசை தெற்கில் ஒரு திசை என்று யாராவது சொல்வார்கள். பூமி சுற்றுவது ஒரு நாளைக்கு ஒரு சுற்று, உங்கள் கை சுற்றுவது நொடிக்கு ஒரு சுற்று, எண்பதாயிரம் மடங்கு வித்தியாசம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷப்பிரோ 1962இல் பூமியின் விளைவைக் காட்டத்தான் செய்தார், ஆனால் அதற்குச் சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து, மிகச் சிறிய துளை வழியாக மெல்ல வடிக்க வேண்டியிருந்தது. பாட்டிலுக்கும் வாஷ்பேசினுக்கும் அது பொருந்தாது.

சாய்த்து ஊற்றுவது எப்படிச் சீராக வருகிறது என்பது இப்போது எளிது. சாய்த்த கழுத்தில் தண்ணீர் அடிப்பக்கமாக ஓடுகிறது, மேல்பக்கத்தில் இடைவெளி விட்டால் அந்த வழியாகக் காற்று ஓசையில்லாமல் உள்ளே போகிறது. கழுத்து முழுக்க நிறையும் அளவுக்குச் சாய்த்த கணமே பாதை அடைபட்டுக் குபுக் ஆரம்பமாகும். நிறைந்த பாட்டிலில் முதல் சில குபுக்குகளைத் தவிர்ப்பது கடினமாக இருப்பது இதனால்தான், தண்ணீர் மட்டம் கழுத்தின் மேல் விளிம்புக்கு மேலே நிற்கிறது. கொஞ்சம் காலியானதும் தானாகச் சரியாகும்.

இதில் பலரும் தப்பாகப் பிடிப்பது, வாய் ஓரத்தில் இருக்கும் எண்ணெய் கேன், இன்ஜின் ஆயில் டப்பா, பால் அட்டைப்பெட்டி மாதிரியானவற்றை. கை தானாகவே வாயைக் கீழ்ப்பக்கமாக, ஊற்றும் பாத்திரத்துக்குக் கிட்டத்தில் வரும்படி பிடிக்கும். அப்படிப் பிடித்தால் சாய்க்கத் தொடங்கியதுமே வாய்க்கு மேலே திரவம் ஏறி நின்று அடைத்துக்கொள்ளும், கேன் விக்கி விக்கி நாலு பக்கமும் தெறிக்கும். திருப்பிப் பிடியுங்கள், வாய் மேல்பக்கம் வரட்டும். கேன் கிட்டத்தட்டப் படுக்கை நிலைக்கு வந்த பிறகே திரவம் வாயை எட்டும், அப்போதும் உள்ளே மேல்பகுதி முழுக்கக் காற்று, அதற்கு வழி திறந்தே இருக்கிறது. பார்க்கத் தப்பாகத் தெரியும், சிந்தாது.

கெட்டியான திரவங்களுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். தக்காளி சாஸ் ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் அழுத்தம் வந்தால்தான் நகரவே தொடங்கும், நகர்ந்த பிறகு இளகிவிடும், அதனால்தான் தட்டத் தட்ட ஒன்றும் வராமல் திடீரென்று பாதிப் பாட்டில் வந்து விழுகிறது. மூடியோடு நன்றாகக் குலுக்கிவிட்டு அப்புறம் சாய்ப்பது நல்லது.

தேன், எண்ணெய் போன்றவற்றில் பிரச்சினை கடைசியில்தான் வரும், சுவரில் ஒட்டியிருக்கும் படலம். செங்குத்துச் சுவரில் வடியும் படலத்தின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அதாவது தடிமன் பாதியாக வேண்டுமென்றால் நாலு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீரைவிடப் பத்தாயிரம் மடங்கு பாகுத்தன்மை உள்ள தேனைக் கவிழ்த்து வைத்தால், பத்து சென்டிமீட்டர் கீழே படலம் ஒரு நிமிடத்தில் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நாலு நிமிடத்தில் அதில் பாதி, பதினாறு நிமிடத்தில் கால். முதல் ஐந்து நிமிடத்துக்குள் வருவதுதான் பெரும்பகுதி, மீதிக்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்திப் பாகுத்தன்மையைக் குறைப்பது காத்திருப்பதைவிட எத்தனையோ மேல். சமையல் எண்ணெய் ஒரு நிமிடம் வடிந்த பிறகு மிஞ்சும் படலம் 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு டீஸ்பூன் அளவு, அதற்காக மல்லுக்கட்டத் தேவையில்லை.

கடைசியாக வெளிப்பக்கம் வழிவது. இதில் காற்று உள்ளே போவதற்கும் எதற்கும் சம்பந்தம் இல்லை. மெதுவாக ஊற்றும்போது விளிம்பைச் சுற்றி வளையும் திரவத்துக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைகிறது, வெளிக்காற்று அதைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. 1956இல் மார்கஸ் ரைனர் இதற்குத் தேநீர்க் கெண்டி விளைவு என்று பெயர் வைத்தார், அடுத்த வருடமே ஜோசப் கெல்லர் விளக்கத்தைக் கொடுத்தார், அந்த ஆராய்ச்சிக்காக 1999இல் அவருக்கும் வான்டன்-புரூக் என்பவருக்கும் இக் நோபல் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) கிடைத்தது. 2010இல் வந்த இன்னொரு ஆய்வு (குபுக் குபுக் கிளானே இதிலும் இருக்கிறார்) விளிம்பு எவ்வளவு நனைகிறது என்பதும் முக்கியம் என்று காட்டியது: தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசிய விளிம்பில் வழிவதே இல்லை. விளிம்பு மழுங்கலாக இருந்தால் வழியும், கூர்மையாக இருந்தால் அறுந்து விழும். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் பெர்ல்மன் 2017இல் ஒயின் பாட்டிலின் உதட்டுக்குக் கீழே 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் சுற்றி வெட்டினார். வழிய வரும் துளி அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் கீழே சொட்டிவிடுகிறது.

பள்ளம் வெட்டாத பாட்டிலுக்கு என்ன செய்யலாம் என்றால், தயங்காமல் வேகமாக ஊற்றுவதும், போதும் என்றதும் இழுத்தடிக்காமல் சட்டென்று நிமிர்த்துவதும்தான். தண்ணீர் ஜாடியாக இருந்தால் மூக்கின் அடிப்பக்கம் ஒரு துளி எண்ணெய் தடவிப் பாருங்கள், நனையாத விளிம்பு என்ன செய்யும் என்பது உடனே தெரியும்.